மணமகள் அறையில் ஒரு பாட்டில்

ஆடி மாதத்தில் தி.நகர் கல்யாண மண்டபங்களுக்கு வேலை இருக்காது. வெளியே கடைத்தெருவில் ஆடித் தள்ளுபடிக்கு ஊரே திரண்டு நிற்கும். உள்ளே நாதஸ்வர மேடையில் ஒட்டடை தொங்கும். அப்படி ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார வேண்டிய மேடையில் கயிறு கட்டி, என் கணவரையும் திருவான்மியூர்க்காரர் ஒருவரையும் ஏற்றிவிட்டு, ஆறு ரவுண்டு அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நோட்டீஸில் தொழில்முறைக் குத்துச்சண்டை என்று போட்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரில் தொழில்முறை என்றால் அவ்வளவுதான். வீடியோ கேசட் கடை வைத்திருந்த ஒருவர், வாடகை மலிவான மாதமாகப் பார்த்து மண்டபம் பிடித்து, டிக்கெட் போட்டு நடத்துவார்.

எனக்குக் குத்துச்சண்டை பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே பிடிக்கும். பிடிக்காததெல்லாம் அதைச் சுற்றி நின்று பேசுகிற வாய்கள்தான்.

இவர் பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. காலையில் மீன் கடைகளுக்கு ஐஸ் கட்டிகளைத் தூக்கிப் போடுகிற வேலை, சாயங்காலம் பயிற்சி. நான் சாந்தோமில் வளர்ந்தவள், மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்தின்போது இவரைப் பார்த்த என் சித்தி, "பையன் நல்லவன்தான், ஆனா காத்தடிச்சா பறந்துடுவான் போலிருக்கே" என்றாள். அந்தப் பேச்சு என் மானத்தைத் தொட்டுவிட்டது. ஆக்கிப் போட்டேன். மீனும் முட்டையும் கேழ்வரகும் உளுந்தங்களியும் விடாமல் போட்டதில் இரண்டே வருஷத்தில் இவருக்குத் தோளும் கையும் திரண்டு, பழைய சட்டை ஒன்றுகூட நுழையவில்லை. முப்பதைத் தாண்டிய ஆள் இப்படித் திடீரென்று உருண்டு திரண்டால் ஊர் சும்மா இருக்குமா? வெளிநாட்டு வீரர்கள் மருந்து ஏற்றிக்கொண்டு மாட்டிக்கொள்கிற செய்திகள் பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் வேறு. "ஊசி போட்டுக்கினு கீறான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். என் சமையலுக்குக் கிடைக்க வேண்டிய பெயரை ஓர் ஊசி தட்டிக்கொண்டு போனது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தணியவில்லை.

வெறும் பேச்சோடு போயிருந்தால் தேவலை. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலை காலியாக இருந்தது. தலைமையாசிரியராக இருந்த ஃபாதருக்கு இவரைப் பிடித்திருந்தது. ஆனால் ஊர்ப்பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, "பசங்க நீங்க செய்யறதத்தான் பார்த்துச் செய்வாங்க. இந்த ஊசிப் பேச்சு மட்டும் அடங்கட்டும்பா. அடங்கினா வேலை உனக்குத்தான். அடங்கலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இவர் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஐஸ் சுமக்கிற தோளுக்கு எத்தனை காலம் ஆயுசு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் யார் என்பதில் ரகசியம் எதுவுமில்லை. திருவான்மியூர்க்காரருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய தாய்மாமா. வெள்ளை வேட்டியும் கழுத்தில் டர்க்கி டவலுமாகத் திரிகிற அந்த மாமாவுக்கு, தன் மருமகனை அடிக்கிற எவனும் நேர்மையாக அடிக்க முடியாது என்பது ஒரு கொள்கை. போட்டிக்கு முதல் நாள் எடை பார்க்கிற இடத்திலும் அதையே சொல்லியிருக்கிறார். எடையைக் குறைக்க அன்றைக்கெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கடற்கரையில் ஓடி, வாயில் நெல்லிக்காயை அடக்கி எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்த மனுஷனுக்கு அதைக் கேட்டதும் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எல்லார் முன்னாலும், "டெஸ்ட் வைங்க. எனக்கும் வைங்க, அவனுக்கும் வைங்க. ஃபைட் முடிஞ்ச கையோட வைங்க" என்று சொல்லிவிட்டு வந்து நின்றார்.

கேசட் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். அன்று சாயங்காலமே சுவரொட்டியின் மேல் குறுக்கே ஒரு துண்டுத் தாள் ஒட்டினார். 'ஊக்க மருந்துப் பரிசோதனை உண்டு' என்று, ஏதோ குலுக்கல் பரிசு மாதிரி.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இவர் மேல் சந்தேகம் வந்ததால் அல்ல. டெஸ்ட் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இவரையும் எனக்குத் தெரியும்.

அதை எப்படிச் சொல்வது? சென்னையில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சுவர் இருந்தால் போதும். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்கள்' என்று எழுதிய எழுத்தின் மேலேயே வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் வேறு பிறவி. பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் இவருக்கு வராது. பாண்டி பஜாருக்குப் போனால் பாதியில் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வருவார். கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குப் போனபோது, ரயில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டு வந்தார். ஆயிரம் பேர் முன்னால் அரை டிராயரோடு நிற்கிறவருக்கு இதில் இவ்வளவு வெட்கம். இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஊர் பயப்படுகிற கையை உடைய ஆளுக்கு இப்படி ஒரு கூச்சம் இருப்பதில் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு செல்லம் உண்டு. அன்றைக்குத்தான் அது வினையாகும் என்று பட்டது. "யாராவது பக்கத்துல நின்னு பாப்பாங்களே, உங்களால முடியுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சண்டை நன்றாக இருந்தது. திருவான்மியூர்க்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், இவரைவிட இளையவர், காலில் நல்ல வேகம். நான்காவது ரவுண்டு வரை யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. மண்டபத்தில் மின்விசிறி ஓடினாலும் காற்று வரவில்லை. கடைசி ரவுண்டில் இரண்டு பேருக்குமே கை எழவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, நடுவர் பிரித்துவிட பிரித்துவிட மறுபடியும் சாய்ந்துகொண்டு, பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி நின்றார்கள். கடைசியில் புள்ளிக் கணக்கில் இவர் ஜெயித்ததாகக் கையைத் தூக்கினார்கள். நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். ஒரு டீச்சர் செய்யக்கூடாத காரியம்தான்.

கத்தி முடிப்பதற்குள் மாமா எழுந்தார். "டெஸ்ட்டு இன்னா ஆச்சு?"

பரிசோதனைக்கு ஒதுக்கிய இடம் மணமகள் அறை. அங்கேதான் உள்ளேயே குளியலறை இருந்தது. ஆளுயரக் கண்ணாடி; அதன் ஓரத்தில் எந்தெந்தக் கல்யாணப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. கட்டிலில் இரண்டு குத்துச்சண்டை வீரர்களும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் அடிபட்ட இரண்டு மணப்பெண்கள் மாதிரி இருந்தது.

மயிலாப்பூரிலிருந்து வந்த வயதான டாக்டர், இரண்டு பாட்டில்களையும் மேலே ஒட்ட பிளாஸ்திரியையும் மேஜையில் வைத்தார். டெல்லியில் ஒரு லேபுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. "ரெண்டு பேரும் நிதானமா போயிட்டு வாங்கோ. அவசரமே இல்லை. நான் ஆத்துல சொல்லிண்டுதான் வந்திருக்கேன்" என்றார்.

"பாட்டில்ல இன்னாத்த வேணா ரொப்பிக்கினு வரலாம். நம்ம ஆளு ஒருத்தன் கூட நின்னு பாக்கணும்" என்றார் மாமா. அது நியாயம்தான் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். திருவான்மியூர்க்காரர் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். போன சுருக்கில் பாட்டிலோடு வெளியே வந்தார். அந்த மாதிரிப் பிறவிகளும் இருக்கிறார்கள்.

இவர் உள்ளே போனார். மாமா பின்னாலேயே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் இவர் காலிப் பாட்டிலோடு வந்தார்.

"தண்ணி குடிங்கோ" என்றார் டாக்டர். குடித்தார். இளநீர் வந்தது, குடித்தார். நீர்மோர் வந்தது, கோலி சோடா வந்தது, எல்லாம் குடித்தார். முதல் நாள் முழுக்கக் காய்ந்து கிடந்த உடம்பு எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தை வேர்வையாக விட்டது. வயிறு மட்டும் உப்பியது. மறுபடி உள்ளே போனார், மறுபடி காலியாக வந்தார். ஒவ்வொரு தடவையும் மாமா பின்னாலேயே போய், ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "வந்தா மாட்டிக்குவான், அதான் அடக்கிக்கினு கீறான்" என்று யாரோ சொன்னார்கள். "தரமாட்டேன்னா தோத்தான்னு எழுதிக்க வேண்டியதுதான்" என்று கேசட் கடைக்காரர் மெல்ல ஆரம்பித்தார். மண்டபத்துக் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இவர் கட்டில் ஓரத்தில் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். இவர் தோற்றுப் பார்த்திருக்கிறேன். மூக்கு உடைந்து வந்தபோது பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஜெயித்த சண்டையும் போய், வேலையும் போய், ஊசிக்காரன் என்ற பேர் மட்டும் நிற்கப்போகிறது. அத்தனையும் ஒரு கூச்சத்தினால். அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சொன்னால் ஊர் சிரிக்கும், நம்பவும் நம்பாது.

"இன்னாமா டீச்சரு, உன் புருஷனுக்கு மருந்து எறங்கற வரைக்கும் நாங்க இங்கயே குந்திக்கினு இருக்கணுமா?" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு மருந்து சாப்பிடல, நான் ஆக்கின சோத்தச் சாப்பிட்டாரு. நீங்க இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா மாட்டுக்குக்கூட வராது!" என்று கத்திவிட்டேன். வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. இவர் காது மடல் சிவந்துபோய் இன்னும் குனிந்துகொண்டார். நல்லது செய்வதாக நினைத்து மனுஷனை இன்னும் கொஞ்சம் கூச வைத்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் திருவான்மியூர்க்காரர் எழுந்தார். வேலை முடிந்த உடனே வீட்டுக்குப் போயிருக்கலாம், போகாமல் வீங்கின கண்ணோடு அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "மாமா, நீ வெளிய இரு. நான் போறேன்" என்றார்.

"நீ எதுக்குடா?"

"நம்ம ஆளு ஒருத்தன் பாக்கணும், அவ்ளோதானே? தோத்தது நானு. எனக்கு இல்லாத கடுப்பா உனக்கு?"

டாக்டருக்கும் வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "தோத்தவரே பாக்கறேங்கறார். இதுக்கு மேல சாட்சி யார் வேணும்? போங்கோ, போங்கோ" என்றார்.

இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே தெருவில் ஒலிபெருக்கி புடவைத் தள்ளுபடியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வராத வருஷம் அது; காவலாளி ஒரு வாளி நிரப்பி உள்ளே வைத்திருந்தார். அதிலிருந்து யாரோ குவளையால் மொண்டு மொண்டு ஊற்றுகிறார்கள். "தண்ணி சத்தம் கேக்குது, தண்ணி சத்தம் கேக்குது!" என்று மாமா கதவைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் நின்றது. பிறகு கதவு திறந்தது. பாட்டில் நிறைந்திருந்தது.

டாக்டர் வாங்கித் தொட்டுப் பார்த்தார். "வெதுவெதுன்னு இருக்கு. வாளித் தண்ணி இப்படி இருக்காது" என்று மாமாவுக்கும் ஒருமுறை தொட்டுக் காட்டினார். மாமா தொட்டுவிட்டு, கையைக் கழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிளாஸ்திரி ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். காவலாளி விளக்கை அணைக்க ஆரம்பித்தார்.

டெல்லியிலிருந்து பதில் வந்தது. இரண்டு பேருடைய பாட்டிலிலும் தப்பாக எதுவும் இல்லை.

அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். என் அறியாமை. டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்ட வாய் டெஸ்ட்டை நம்புவதற்காகக் கேட்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு நேரம் வராதது, தோற்றவன் கூடப் போனதும் எப்படி வந்தது? ஆகவே இரண்டு பாட்டிலும் ஒருவனுடையதுதான். மீன் கடைகளில் இதுதான் பேச்சு. மாமாவே சொந்த மருமகனைக் கூப்பிட்டு, "நீ உன் கண்ணால பாத்தியா? சூடம் அணைச்சுச் சொல்லு" என்று பிடித்துக்கொண்டாராம்.

அவர் சொன்னார். திருவான்மியூர் கோயில் வாசலில், ஒரு வெள்ளிக்கிழமை, மாமாவும் இன்னும் பத்துப் பேரும் பார்க்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "என் கண்ணால பாத்தேன், அது அவனோடதுதான்" என்று சத்தியம் செய்தார். அதோடு விடவில்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு நேரே சாந்தோம் வந்து, ஃபாதரைப் பார்த்து அங்கேயும் அதையே சொன்னார். அவருக்கு யார் இந்த வேலை விஷயத்தைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. "லேப் சொன்னதவிட, அடிவாங்கின ஆளு வந்து சொன்னதத்தான்மா நான் நம்பினேன்" என்று ஃபாதர் பிறகு என்னிடம் சொன்னார். அடுத்த மாதமே இவர் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். சூடம் அணைத்த பிறகு ஊரும் வாயை மூடிக்கொண்டது. மாமா மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் திருவான்மியூர்க்காரர் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பினால் ஆட்டோ வாசலில் நிற்கும். "அண்ணி, இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆறு ரவுண்டையும் மறுபடி மறுபடி என் கூடத்தில் ஆடிக் காட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் கொஞ்சம் நன்றாக ஆடியதாகக் கதை மாறும். அந்தக் குளியலறையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

எங்களுக்குப் பெண் பிறந்து, அவள் தவழத் தொடங்கியிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழந்தை சிணுங்கினாள். நான் அடுப்படியில் இருந்தேன். "அதுக்கு ஒண்ணுக்கு வருது போல அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று அவர் அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக் குந்தி உட்கார்ந்து, நம் வீட்டுப் பெண்கள் செய்வதுபோலவே, "உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்..." என்று ராகமாக இழுத்தார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த இவர் வெடித்துச் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் வழிகிற சிரிப்பு. வெளியே அவரும் சிரிக்க ஆரம்பித்தார். என் பெண் அதற்குள் வேலையை முடித்து, அவர் லுங்கியையும் நனைத்திருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்டியோடு போய் நடுவில் நின்றேன். "என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்க."

இவர்தான் சொன்னார், மூச்சு வாங்க வாங்க. "அன்னிக்கி உள்ள இதத்தான் பண்ணான். குவளையில தண்ணிய ஊத்திக்கினே, எனக்கு உஸ்ஸுன்னு சத்தம் குடுத்தான். எனக்கு! பச்சப் புள்ளைக்குக் குடுக்கற மாதிரி!"

நானும் சிரித்தேன். ஊரே நடுங்குகிற தோளோடு சுவரைப் பார்த்து நிற்கிற என் புருஷனும், அவரிடம் அடிவாங்கிக் கண் வீங்கிப்போன ஆள் பின்னால் நின்று தாய் மாதிரி உஸ்ஸென்று இழுப்பதும் கண்முன் வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு, சும்மா பேச்சுக்குத்தான், "அது சரி, நீங்களாவது பாத்தீங்களே. இல்லேன்னா இவரு இன்னிக்கும் ஐஸ் தூக்கிட்டு இருப்பாரு" என்றேன்.

அவர் லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்தார். "எங்க அண்ணி பாத்தேன்? நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கினேன்."

கூடத்தில் சிரிப்பு நின்றது. இவர் எழுந்து பின்வாசற்படிக்கு வந்துவிட்டார். இவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. முதுகைக் காட்டி நின்ற மனுஷன், பின்னால் நிற்பவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

"பாக்காமயா சூடம் அணைச்ச?" என்றார் இவர்.

"இன்னா பாக்கணும்? கடைசி ரவுண்டுல என் மேல சாஞ்சுக்கினு நின்னியே, உன் நெஞ்சு எப்படி அடிச்சுக்கிச்சு தெரியுமா? கை தொங்கிப்போச்சு உனக்கு. ஊசி போட்டவனுக்கு அப்படித் தொங்குமா? எனக்கு அப்பவே தெரியும். அப்பால எதுக்குப் பாக்கணும்?" என்றவர், குழந்தையை இவர் கையில் கொடுத்துவிட்டு, "அதுவுமில்லாம, நான் பாத்திருந்தா உனக்கு வந்திருக்குமா மச்சி?" என்றார்.

இவர் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

சத்தியம் பொய். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்கிற பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், சூடத்தை அணைத்த அந்த வலது கைக்கு எதிரே இலை போட்டு, வஞ்சிர மீனில் இவருக்கென்று எடுத்து வைத்திருந்த நடுத்துண்டை அவருக்கு வைத்தேன். இவர் பார்த்தார். தன் இலையில் இருந்த துண்டையும் எடுத்து அவருக்கே போட்டார்.